ஓடை நலமா? கல்லைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் சிற்றோடைக்கு நான் முதன்முதலில் போனது ஒரு தை மாதம். கையில் புதிதாக வாங்கிய டிடிஎஸ் பேனா, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது. அது காட்டிய எண் நூறைத் தாண்டவில்லை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருந்தது. "சுத்தமான ஓடை" என்று நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், பழம் பறிக்க வந்த அம்மா ஒருவர் கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி நல்லாத்தான் தம்பி இருக்கு, நண்டைத்தான் ரெண்டு வருசமா காணோம்" என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒரு படலம், வேறு ஒன்றும் இல்லை. அதே ஓடையில் அரை கிலோமீட்டர் மேலே, சோலைக்குள், உள்ளங்கை அகலக் கல் ஒன்றில் ஏழெட்டு வகைப் பூச்சிகள் ஓடின.

பேனா பொய் சொல்லவில்லை. அது அந்த நிமிடத்தில் ஓடிய தண்ணீரை அளந்தது, அவ்வளவுதான். போன மாதம் மூன்று நாள் வந்துபோன கழிவுநீர் அதற்குத் தெரியாது. கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சிக்குத் தெரியும், ஏனென்றால் அது அந்த மூன்று நாளும் அங்கேதான் இருந்தாக வேண்டும். அதனால் கீழே சொல்லப்போவதில் முக்கியமானது பூச்சி பார்ப்பதுதான். பழனி மலையின் கீழ்ச்சரிவை மனதில் வைத்து எழுதுகிறேன், மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தக் காட்டோடைக்கும் சில மாற்றங்களோடு பொருந்தும்.

போவதற்கு முன்னால்

காலம் முக்கியம். கீழ்ப்பழனியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். வெள்ளம் ஓடையின் அடித்தளத்தையே புரட்டிப் போட்டுப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அடுத்த நாள் போய்ப் பார்த்துவிட்டு "ஓடை செத்துவிட்டது" என்று முடிவு கட்டினால் அது மழையின் குற்றம். பெரிய வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள். என்னைக் கேட்டால் மூன்று முறை போகலாம்: மழைக்கு முன் செப்டம்பரில், காப்பி அறுவடை நடக்கும் ஜனவரி பிப்ரவரியில், தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் ஏப்ரலில். ஒரு தடவைதான் முடியும் என்றால் பிப்ரவரி. மழை நின்று ஓடை வற்ற ஆரம்பிக்கிறது, அதே நேரம் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பிங் வேலை நடக்கிறது. ஓடைக்கு ஆண்டிலேயே கடினமான வாரங்கள் அவை.

அனுமதி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, மலைக்காடுகளில் பெரும் பங்கு அதற்குள் வருகிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வலையோடு இறங்காதீர்கள், "பூச்சிதானே சார்" என்பது அங்கே செல்லாது. தனியார் தோட்டத்துக்குள் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. தனியாகப் போக வேண்டாம். காட்டுமாடு ஓடைக்கு வரும் நேரமான விடியலும் அந்தியும் தவிர்க்கவும். மேலே மலையில் இருட்டிக்கொண்டு வந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் சரி, கரையேறிவிடுங்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வர அந்த வழி ஒன்று போதும்.

சாமான்கள் எல்லாம் வீட்டிலும் சந்தையிலும் கிடைப்பவைதான். வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே ஒன்று (வெள்ளையாகவே இருக்கட்டும், நிறத்தட்டில் பூச்சி தெரியாது), கொசுவலைத் துணியை வளைந்த கம்பியில் தைத்த கைப்பிடி வலை, மாவுச் சல்லடை, ஐஸ் ட்ரே, பெயிண்ட் பிரஷ், ஸ்பூன், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளவு நாடா, வெப்பமானி, பென்சில், நோட்டு. பேனா மை நனைந்தால் அழிந்துவிடும் என்பதை நான் ஒரு முழு நாள் குறிப்புகளைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒரு கமலா ஆரஞ்சு. தின்பதற்கு அல்ல, எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இடம் தேர்வு: ஒன்று போதாது

ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடை நலமா இல்லையா என்று சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இடம் எடுங்கள். முதலாவது, தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் மேலே, காட்டுக்குள். அதுதான் உங்கள் அளவுகோல். இரண்டாவது தோட்டத்துக்கு நடுவில். மூன்றாவது பல்ப்பிங் கொட்டகைக்கோ குடியிருப்புக்கோ கீழே, கழிவு ஓடைநீரோடு நன்றாகக் கலந்த பிறகு, ஐம்பது நூறு மீட்டர் தள்ளி. மூன்றும் ஒரே மாதிரியான தரையாக இருக்க வேண்டும். மேலே பாறையும் சலசலப்பும், கீழே மணலும் மடுவும் என்று ஒப்பிட்டால், நீங்கள் காணும் வேறுபாடு மாசால் வந்ததா தரையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தப்புதான் பலர் செய்வது.

ஒவ்வோர் இடத்திலும் ஐம்பது முதல் நூறு மீட்டர் நீளம். பாலம், குறுக்கே போகும் பாதை, மாடு இறங்கும் துறை இவற்றை ஒட்டி வேண்டாம். வேலையைக் கீழ் இடத்தில் தொடங்கி மேல் நோக்கிப் போங்கள். மேலே கலக்கினால் அந்தச் சேறு கீழே வந்து உங்கள் அளவையே கெடுக்கும்.

கரையில் நின்று பத்து நிமிடம்

இறங்காதீர்கள். முதலில் நில்லுங்கள், மூக்கையும் பயன்படுத்துங்கள். நல்ல காட்டோடைக்கு ஈர மண், சருகு வாசனை. புளித்த கள் மாதிரி வாடை வந்தால் மேலே எங்கோ காப்பித்தோல் நொதிக்கிறது.

நடு ஓடையின் மேல் அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறது? போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம். இரண்டு மீட்டர் அகல ஓடையின் தலைக்கு மேல் முக்கால்வாசியாவது இலை மூடியிருக்க வேண்டும். இது வெறும் குளிர்ச்சிக்காக அல்ல. இருட்டான சிற்றோடையில் பாசி வளர வெளிச்சம் போதாது, அங்கே சாப்பாடு என்பது மேலிருந்து விழும் இலைதான். இலை விழுந்து, அதில் பூஞ்சை பிடித்து, அந்த இலையைப் பூச்சி கடித்து, பூச்சியை மீன் தின்று என்று போகும் கணக்கு. அதனால் எந்த மரம் என்பதும் கணக்கில் வரும். நாவல், அத்தி, தாழை என்று கலந்து நிற்கும் கரையும், காப்பிக்கு நிழல் தரவென்று வரிசையாக நட்ட சில்வர் ஓக் மட்டும் நிற்கும் கரையும் தூரத்தில் இருந்து ஒரே பச்சைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கின் விறைத்த இலை மட்டும் ஓடையில் கிடந்தால் சாப்பாட்டில் வகை குறைந்துபோகும். உண்ணிச்செடி கரையை அடைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். இரு கரையிலும் உழாத, களைக்கொல்லி அடிக்காத காட்டுப்பட்டை எத்தனை மீட்டர் என்று காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நுரை பார்த்துப் பயப்பட வேண்டாம். இலைச்சாறில் இருந்து வரும் நுரை பழுப்பாக, மடுவின் ஓரத்தில் ஒதுங்கி, மண் வாசனையோடு இருக்கும். வெள்ளை வெளேரென்று சோப்பு மணத்தோடு வந்தால் மேலே துணி துவைக்கிறார்கள். அதேபோல் தண்ணீர் மேல் வானவில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கிளறுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே பிரிந்து நின்றால் அது இரும்புச்சத்தில் வாழும் நுண்ணுயிரின் வேலை, இயற்கையானது. பிரிந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய், டீசல் பம்பு எங்கே என்று தேட வேண்டியதுதான்.

கல் சொல்லும் முதல் செய்தி

இப்போது இறங்கலாம். தேங்காய் அளவுக் கல் ஒன்றைத் தூக்குங்கள். லேசாக வந்துவிட்டதா, பல் பிடுங்குவது போல் இழுக்க வேண்டியிருந்ததா? கல் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் அடியில் இருக்கும் சந்துகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று பொருள். பூச்சியின் வீடே அந்தச் சந்துதான். புதிதாக வெட்டிய தோட்டப் பாதையும், சரிவில் நிழல் இல்லாமல் கிளறிய மலைவாழைத் தோட்டமும் ஒரே மழையில் அவ்வளவு மண்ணை இறக்கிவிடும். இரசாயனம் ஒரு சொட்டுக்கூடக் கலக்காமல் ஓர் ஓடையைக் கொல்ல மண்ணே போதும். இதைப் பலர் மாசு என்றே நினைப்பதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

பத்துக் கல் இப்படித் தூக்கிப் பார்த்து எத்தனை புதைந்திருந்தன என்று எழுதுங்கள். கல்லின் மேல் மெல்லிய பழுப்புப் பூச்சு சரியானது. நீளமாகக் கூந்தல் போல் ஆடும் பச்சைப் பாசி, வெளிச்சமும் உரமும் கூடிவிட்டதன் அடையாளம். சாம்பல் நிறத்தில் நனைந்த பஞ்சு போல் ஏதாவது ஒட்டியிருந்தால், அது கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்த் திரள். அதைப் பார்த்தால் அந்த இடத்துக்கு வேறு சாட்சி அதிகம் தேவையில்லை.

ஆரஞ்சின் வேலை

பத்து மீட்டர் நேரான பகுதி ஒன்றை அளந்து, மேல் முனையில் ஆரஞ்சை விட்டு, கீழ் முனைக்கு எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். ஆரஞ்சு ஏன் என்றால் அது பெரும்பகுதி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது, நிறமும் கண்ணில் படும். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். 25 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அகலம் 1.5 மீட்டர், பல இடத்தில் அளந்த சராசரி ஆழம் 0.2 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.3 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி, மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாகப் போகும் என்பதற்காக 0.85ஆல் பெருக்கினால் 0.102 கன மீட்டர், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ நூறு லிட்டர். கழிவு அதே அளவு வந்தாலும் தண்ணீர் பாதியானால் கெடுதல் இரட்டிப்பு, அதற்காகத்தான் இந்தக் கணக்கு. இரண்டாவது இடத்தில் தண்ணீர் திடீரென்று குறைந்திருந்தால் இடையில் மோட்டார் குழாய் ஏதாவது இருக்கும்.

தண்ணீர் அளவுகள், சுருக்கமாக

வெப்பநிலையை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், பிற்பகலில் எடுங்கள். மரம் வெட்டிய திறந்த பகுதியைக் கடந்ததும் இரண்டு மூன்று டிகிரி ஏறியிருந்தால் காரணம் கண்முன்னால் இருக்கிறது.

டிடிஎஸ் பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் எல்லை தெரிந்தால் போதும். பழனி மலையின் பாறை பெரும்பாலும் சார்னகைட், எளிதில் கரையாது, அதனால் காட்டோடை நீரில் உப்பு இயல்பாகவே மிகக் குறைவு. குடிநீருக்கு 500 வரை சரி என்ற அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் எல்லா ஓடையும் பாஸாகிவிடும். மேலே 40, கீழே 90 என்று வந்தால் இரண்டும் "நல்ல தண்ணீர்"தான், ஆனால் நடுவில் ஏதோ கலந்திருக்கிறது. பேனா அளப்பது மின்சாரம் கடத்தும் உப்புகளை மட்டும். காப்பிப் பழத்தின் சர்க்கரையோ, பூச்சிமருந்தோ, மலக்கிருமியோ அதன் கண்ணில் படாது.

ஆக்சிஜன்தான் அளக்கத் தகுந்தது. சொட்டுச் சொட்டாக எண்ணும் கிட் கிடைக்கும். கடல்மட்டத்தில் 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும், 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 8க்குச் சற்றுக் கீழே. சலசலத்து ஓடும் ஓடை இந்த உச்சத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பல்ப்பிங் கழிவில் இருக்கும் சர்க்கரையைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சும்போதுதான் அது சரியும். பாசி இருக்கும் இடத்தில் பகலில் அளந்தால் பாசியே ஆக்சிஜன் விட்டு எண்ணை உயர்த்திக் காட்டிவிடும், உண்மை விடியலுக்குச் சற்று முன்தான் தெரியும். அந்நேரம் காட்டுமாடும் வரும் என்று மேலே சொன்னேன், ஆகவே சாலையோர இடமாக, துணையோடு.

மலக்கலப்பு பார்க்க எச்2எஸ் பாட்டில். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. தண்ணீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்து ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் சந்தேகம். காட்டுவிலங்கின் சாணமும் கறுக்க வைக்கும், எனவே மேல் இடத்திலும் ஒரு பாட்டில் வையுங்கள்.

முக்கியமான வேலை: பூச்சி

சலசலப்பான இடத்தில் வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து அடியில் பதியுங்கள். அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கல்லையும் மண்ணையும் கிளறினால் கிளம்புவதெல்லாம் வலைக்குள் வரும். மொத்தம் மூன்று நிமிடம், இடம் மாற்றி மாற்றி. பிறகு பெரிய கற்களைக் கையால் எடுத்துப் பிரஷ்ஷால் வலைக்குள் தடவிவிடுங்கள். மடுவில் கிடக்கும் சருகுக்கட்டு ஒன்று, கரையில் தொங்கும் வேர்க்கொத்து ஒன்று, இரண்டையும் அலசுங்கள். எல்லா இடத்திலும் அதே மூன்று நிமிடம், அதே ஆள் கிளறினால் நல்லது. ட்ரேயில் தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் வெறும் குப்பை. பிறகு குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு வகையையும் ஸ்பூனால் எடுத்து ஐஸ் ட்ரேயில் தனித்தனிக் குழியில் விடுங்கள். இனப்பெயர் வேண்டாம், கூட்டம் தெரிந்தால் போதும்.

கல் ஈயின் குஞ்சுதான் இங்கே ராஜா. வாலில் இரண்டு இழை, ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகம், கால் தொடங்கும் அக்குளில் குஞ்சம் போல் செவுள். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் காணாமல் போவது இதுதான். மே ஈயின் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று வால், செவுள் வயிற்றின் இரு பக்கமும் இலை போல் ஆடும், காலில் ஒற்றை நகம். "பொதுவாக" என்றேன், ஏனென்றால் நம் மலை அருவிகளில் இரண்டு வால் மே ஈயும் உண்டு, வாலை மட்டும் எண்ணிக் கல் ஈ என்று எழுதி நானும் ஏமாந்திருக்கிறேன். செவுள் எங்கே என்று பாருங்கள். மே ஈயிலேயே இரண்டு ரகம் பிரித்துக்கொள்ளுங்கள்: சின்ன மீன் போல் துள்ளி நீந்துவது ஓரளவு அழுக்கைத் தாங்கும், தட்டையாகக் கல்லோடு ஒட்டி நண்டு போல் பக்கவாட்டில் ஓடுவது தாங்காது.

கேடிஸ் ஈயின் புழு ஒரு கொத்தனார். மணலையோ இலைத்துண்டையோ பட்டு இழையால் ஒட்டிக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். சில வகை குழாய் கட்டாமல் கற்களுக்கு நடுவே வலை பின்னி உணவைப் பிடிக்கும். கொடைக்கானலின் பெயரையே தாங்கிய வலைபின்னும் கேடிஸ் இனம் ஒன்று 1980இல் விவரிக்கப்பட்டது. ஊசித்தும்பியின் குஞ்சுக்கு வாலில் மூன்று செவுள், தட்டானின் குஞ்சு குண்டாக, வால் செவுள் இல்லாமல் இருக்கும். சட்டைப் பொத்தான் போல் கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பது ஒரு வண்டின் புழு, சுரண்டினால்தான் உயிர் என்று தெரியும். நண்டு, நத்தை, அட்டை உங்களுக்கே தெரியும். இரத்தச் சிவப்பில் நெளியும் புழு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் மூச்சுவிட உடலில் ஹீமோகுளோபின் வைத்திருக்கும் கொசுவுக்கு உறவான ஈயின் புழு. சருகுக்கட்டில் நாலைந்து இருந்தால் சாதாரணம், ட்ரே முழுக்க அதுவே என்றால் விஷயம் வேறு.

தண்ணீர்மேல் சறுக்கி ஓடும் நீள்கால் பூச்சியைப் பார்த்து மகிழ வேண்டாம். அது மூச்சுவிடுவது மேலே இருக்கும் காற்றில், அடியில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலை குறைவு.

மதிப்பெண்

பிரிட்டனில் 1976இல் அமைத்த ஒரு குழு, பூச்சிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதே வழியில் ஐந்து படிநிலை கொண்ட உயிரியல் அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் குடும்ப அளவில் அடையாளம் தெரிய வேண்டும். புதியவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ் என்ற மதிப்பெண் முறை எளிது. கல் ஈ 17, நீந்தும் மே ஈ 5, மற்ற மே ஈ 11, கேடிஸ் 9, தட்டான் 6, நண்டு அல்லது இறால் 6, வண்டும் நீர்மூட்டைப் பூச்சிகளும் 5, ஊசித்தும்பி 4, நத்தை 4, தட்டைப்புழு 3, ஈப்புழுக்கள் 2, மண்புழு வகை 2, அட்டை 2. எண்ணிக்கை வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். கூட்டி, கிடைத்த கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு: மேல் இடத்தில் கல் ஈ, இரண்டு ரக மே ஈ, கேடிஸ், தட்டான், ஊசித்தும்பி, வண்டு, நண்டு, ஈப்புழு என்று ஒன்பது கிடைத்தால் 65ஐ 9ஆல் வகுத்து 7.2. கீழே நீந்தும் மே ஈ, தட்டான், வண்டு, நத்தை, ஈப்புழு, மண்புழு, அட்டை என்று ஏழு கிடைத்தால் 26ஐ 7ஆல் வகுத்து 3.7. தென்னாப்பிரிக்காக்காரர்கள் எந்த எண்ணுக்கு மேல் நல்லது என்று எல்லை வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே இங்கே எடுக்காதீர்கள், அது அவர்கள் ஆற்றுக்கு வகுத்தது. 7.2க்கும் 3.7க்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் முடிவு.

முடிவை எழுதும் முன் காரணத்தோடு பொருத்திப் பாருங்கள். கீழே ஆக்சிஜன் குறைந்து, சிவப்புப் புழுவும் சாம்பல் பஞ்சும் இருந்தால் சர்க்கரையோ சாக்கடையோ. ஆக்சிஜன் சரி, டிடிஎஸ் சரி, தண்ணீர் தெளிவு, ஆனால் நத்தையும் மண்புழுவும் இருக்க, ஆறு கால் உள்ளது எதுவுமே இல்லை என்றால் எனக்குப் பூச்சிமருந்து மேல்தான் சந்தேகம் வரும். கல் புதைந்து வகை குறைந்திருந்தால் மண். மேல் இடமே மோசமாக இருந்தால், அதற்கும் மேலே ஏதோ இருக்கிறது, ஏறிப் பாருங்கள்.

மீனையும் தவளையையும் பிடிக்க வேண்டாம், பார்த்தால் எழுதுங்கள். கல்லொட்டி மீனும் அயிரையும் நல்ல செய்தி, கப்பியும் திலேப்பியாவும் யாரோ கொண்டுவந்து விட்டவை. பின்னங்காலைத் தூக்கி ஆட்டும் நடனத் தவளைகளில் மட்டும் 14 புதிய இனங்களைத் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் 2014இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரித்தார்கள், அவை வாழ்வது இப்படிப்பட்ட சின்ன ஓடைகளில்தான். அப்புறம், அங்கேயே வாழ்பவர்களிடம் கேளுங்கள். எந்த மடுவில் எப்போது வரை மீன் இருந்தது, எந்த ஆண்டு நண்டு நின்றது என்று மலைவாழ் பளியர் பெரியவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரிவது உங்கள் ட்ரேயில் வராது. அவர்கள் சொன்னதைத் தேதியோடு தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படம் எடுத்ததும் எல்லாவற்றையும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், வெயிலில் ட்ரே சூடாவதற்குள். வலை, செருப்பு, ட்ரே எல்லாவற்றையும் கழுவி, மொறுமொறுவென்று காயவைத்த பிறகே அடுத்த ஓடைக்கு. ஈரச் செருப்பில் நத்தைக் குஞ்சும், தவளைகளைக் கொல்லும் பூஞ்சையும் ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு நம்மோடேயே நடந்துவரும்.